எழுபத்தேழாம் நம்பர் ஆசாமி

தங்கை புருஷனுக்குத் தன் தொழிற்சாலையிலேயே வேலை வாங்கிக் கொடுத்த நாளிலிருந்தே டெக்னீஷியனுக்கு அவன் எதையாவது கெடுத்து வைப்பானோ என்று பயம். பயந்தபடியே, தொழிற்சாலையின் கணினி நெட்வொர்க்கை மேய்க்கும் ரவுட்டர் பெட்டிக்குள் எவனோ நுழைய ஆரம்பித்தான்.

டெக்னீஷியன் தன் லேப்டாப்பின் கேபிளுக்குக் கொடுத்திருந்த ஐ.பி. முகவரி, அதாவது நெட்வொர்க்கில் அதன் அடையாள எண், நாற்பதில் முடியும். பெட்டியின் பதிவில் நுழைந்தவனுடையது எழுபத்தேழில் முடிந்தது. அது அவர் யாருக்கும் கொடுக்காதது. வருவதும் சாப்பாட்டு வேளையில் மட்டும். அப்போது பெட்டி இருக்கும் அறையில் மாப்பிள்ளை தனியாக இருப்பான்.

“என் வேலைக்கே உலை வைக்கிறியா மாப்பிள்ளை?”

“உங்க தங்கச்சி மேல சத்தியமா நான் அதத் தொடல மச்சான்.”

“அவள எதுக்கு இழுக்குற?”

விஷயம் மேலாளரிடம் போனது. மாப்பிள்ளையைச் சாயங்காலமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

மறுநாள் எழுபத்தேழு நுழைய முடியாதபடி டெக்னீஷியன் பெட்டியில் தடை போட்டார். வழக்கம்போலக் கேபிளைக் கழற்றி, லேப்டாப்போடு சாப்பாட்டு அறைக்குப் போய் மேலாளர் எதிரில் உட்கார்ந்தார்.

“இனிமே ஈ காக்கா நுழையாது சார். பாருங்க.”

லேப்டாப்பில் பெட்டியின் இணையப் பக்கத்தைத் திறந்தார். “எழுபத்தேழுக்கு அனுமதி இல்லை” என்றது திரை.

வாய்க்குப் போன கை பாதியில் நின்றது. கேபிளைக் கழற்றினால் லேப்டாப் வைஃபைக்குத் தாவும். வைஃபை தானாக வேறொரு முகவரி கொடுக்கும். மாப்பிள்ளை என்ன செய்கிறான் என்று தினமும் இங்கிருந்து அவர் பெட்டிக்குள் நுழைந்து வேவு பார்த்ததுதான் அந்த எழுபத்தேழு.

மேலாளர் திரையைப் பார்த்தார், அவரைப் பார்த்தார்.

“மாப்பிள்ளைய நாளைக்கே வரச் சொல்லுங்க” என்றார். “உங்க இடத்துக்கு.”