பலகைக்கு மட்டும் கால் நனைஞ்சுது

ஐயோ, வாய்க்கால் பூரா நுரை! மேகம் ஒண்ணு இறங்கி வந்து மிதக்குற மாதிரி அவ்ளோ அழகு, ஆனா பூச்சிமருந்து நாத்தம். சொர்ணம் தவளை பதறிக்கிட்டு கரைக்குத் தாவுனா. அவளோட தலைப்பிரட்டைங்க எல்லாம் அந்தத் தண்ணிக்குள்ளதான் தூங்குதுங்க!

பக்கத்து வயல வாங்குன கம்பெனி கரையில நட்ட பச்சைப் பலகை கனவுல சிரிக்கிற மாதிரி சிரிச்சுது. "என் மேல எழுதியிருக்கறதப் பாத்தியாக்கா? 'மண்ணே எங்கள் உயிர்'!"

"எழுத்து கெடக்குது போடா. பழைய முதலாளி இதுலதான் மூஞ்சி கழுவுவாரு. மருந்து டேங்க் கழுவுன தண்ணிய இங்க விடவே மாட்டாரு. உன் முதலாளி எங்கடா?"

"ஒருத்தரா என்ன? பங்கு வாங்குனவங்க ஆயிரம் பேரு, கடல் தாண்டியும் இருக்காங்க!"

"அதுல ஒருத்தராச்சும் இதுல கால நனைச்சிருக்காரா?"

நுரை மெதுவா வந்து பலகையோட காலைத் தொட்டுச்சு. பச்சைப் பெயிண்ட் சுருண்டு உரிஞ்சுது.

"அக்கா... மொத்தக் கம்பெனியிலயும் இங்க கால் ஊனி நிக்கிறது நான் மட்டும்தானா?"

சொர்ணம் அதுக்குள்ள தலைப்பிரட்டைங்கள முதுகுல ஏத்திக்கிட்டுக் கெளம்பிட்டா. "என்னையும் தூக்கிட்டுப் போக்கா!"ன்னு பலகை கத்துது.

உங்க ஊர் வாய்க்கால் கரையிலயும் இப்படி ஒரு சத்தம் கேட்டுச்சா?