சம்மதம் என்றொரு கட்டம்

“ஆரைக் கேட்டு இந்த வேலை பாத்தனீர், தயாளினி?”

உட்துறைமுக வீதி மாடி அறைக்குள் ஜக்சன் செருப்பைக்கூடக் கழற்றாமல் வந்து நின்றான். கையில் திறந்தபடி மடிக்கணினி.

துறைமுகத்துச் சனங்களின் கதைகளைச் சேர்த்து வைக்க ஐந்தாறு பேராகத் தொடங்கிய இணைய விக்கி அது. அதில் அதிகம் எழுதியவன் அவன்தான். இன்று காலை பார்த்தால், அவன் எழுதிய பக்கம் ஒவ்வொன்றின் அடியிலும் சிவப்பு எழுத்து: ‘ஆதாரம் முழுமையில்லை.’

“உங்கட பக்கங்களை நான் தொடவேயில்லை அண்ணா. ஆதாரத்துக்கான வார்ப்புருவைத்தான் புதுசாச் செய்தனான். ஆர் சொன்னது, எந்த ஊர், எப்ப சொன்னது எண்டு கட்டங்களை நிரப்பினா எல்லாப் பக்கத்திலயும் ஒரே மாதிரி வரும். ஒரு கட்டம் வெறுமையாக் கிடந்தா சிவப்புக் காட்டும்.”

“எந்தக் கட்டம் வெறுமை?”

“கடைசிக் கட்டம். சொன்னவரிட்டச் சம்மதம் கேட்டதோ எண்டு.”

ஜக்சனுக்குச் சுள்ளென்று ஏறியது.

“வெயிலுக்குள்ள கரையில மீன்வாடி மீன்வாடியா அலைஞ்சு நான் எழுதினதுக்கு, காத்தாடிக்குக் கீழ இருந்துகொண்டு நீர் பூட்டுப் போடுறீரோ?”

“போன கிழமை ஒரு ஐயா போன் எடுத்து ஏசினவர் அண்ணா. தன்ர கதையை ஆரைக் கேட்டுப் போட்டனீங்கள் எண்டு.”

“ஒருத்தர் ஏசினதுக்காக ஊர்ச் சனத்தின்ர வாயைப் பொத்துறதோ? எங்கட கதையை எழுதின வெள்ளைக்காரன் ஆரிட்டச் சம்மதம் கேட்டவன்?”

“கேக்கேல்ல. அதுக்குத்தானே நாங்கள் கோவப்படுறம்.”

நல்ல பதில்தான். ஆனால் கேட்கும் நிலையில் அங்கே யாரும் இல்லை. கூட இருந்த இராகுலன்கூட, “விடும் தயாளினி, அவர் கஷ்டப்பட்டு எழுதினது. அந்தக் கட்டத்தை எடுத்துவிடும்” என்றான்.

“எடுக்க ஏலாது.”

அப்படியென்ன அடம்! உழைத்தவன் வயிறெரிந்து நிற்கிறான், இவளுக்கு ஒரு கட்டம் பெரிதாகப் போய்விட்டது.

“அப்ப இதைப் பாரும்!” ஜக்சன் கணினியை அவள் பக்கம் திருப்பினான்.

‘கடல் வந்த நாள்’. அந்த விக்கியிலேயே அதிகம் பேர் படித்த பக்கம். சுனாமியன்று ஒரு தாய், ஒரு கையில் மகனையும் மறு கையில் மகளையும் பிடித்துக்கொண்டு ஓடுகிறாள். மகளின் கை வழுகிப் போகிறது. ‘நான்தான் விட்டிட்டன்’ என்று அவள் சொல்வதோடு பக்கம் முடிகிறது. அடியில், சொன்னவர்: மரியமலர், பாலையூற்று.

“இது என்ர அம்மா. தப்பின பிள்ளை நான். படிச்சிட்டு எத்தினை பேர் அழுதவை தெரியுமோ? சொந்தத் தாயிட்டையும் சம்மதம் வாங்கோணுமோ?”

“கேட்டனீங்களோ அண்ணா?”

“இப்பவே கேக்கிறன். எல்லாரும் கேளுங்கோ!”

போனை ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்தான். மறுபக்கம் குழாயில் தண்ணீர் ஓடும் சத்தம்.

“குசினிக்குள்ள நிக்கிறன் மகன், கெதியாச் சொல்லு.”

“அம்மா, நீங்கள் எனக்குச் சொன்ன கதையை இணையத்தில எழுதினனான். உங்களுக்குச் சம்மதம்தானே? ஓம் எண்டு ஒரு சொல் சொல்லுங்கோ, இஞ்ச ஒரு ஆளின்ர வாயை அடைக்கோணும்.”

“எந்தக் கதை?”

“தங்கச்சின்ர கை வழுகினது. நீங்கள்தான் விட்டிட்டன் எண்டு சொன்னது.”

தண்ணீர்ச் சத்தம் நின்றது.

“எப்ப எழுதினனீ?”

“மாசியில அம்மா.”

அழைப்பு அறுந்துவிட்டதோ என்று ஜக்சன் குனிந்து திரையைப் பார்த்தான்.

“அதுதான் போல...” என்றாள் மரியமலர். “மாசியில இருந்து, மீன் வாங்கப் போனா, சனம் என்ர முகத்தைப் பாக்காமல் கையைப் பாக்குது.”