பச்சை எழுத்தில் மைனஸ் எண்பது

மட்டாஞ்சேரியில் பழைய சுக்குக் கிடங்கின் மாடியில் இருக்கிற ஆய்வுக்கூடத்தில், மேசைமேல் இரண்டு லேப்டாப்கள் திறந்திருக்கின்றன. இரண்டும் ஒரே ஃப்ரீசரின் குளிரைத்தான் காட்டுகின்றன. இரண்டு திரைகளையும் வெவ்வேறு மென்பொருளில் ஃபயாஸ் செய்திருக்கிறான். எதை வைத்துக்கொள்வது என்று இன்று எழுதிக் கொடுக்க வேண்டும். முதல் திரை வழவழப்பானது. வட்டத்துக்குள் ஒரு முள், பச்சை எழுத்தில் மைனஸ் எண்பது டிகிரி. மற்றதில் சாம்பல் நிறத்தில் வெறும் கட்டங்கள். கீழே லாரியிலிருந்து மூட்டை விழும்போதெல்லாம் சாயா கிளாஸ் நடுங்குகிறது. “ரெண்டுக்கும் வர்ற ஒயரைப் பிடுங்கிப் பாருங்க தம்பி,” என்கிறார் பாண்டிச்செல்வி. ஃப்ரீசரில் இருந்த கடல்பாசி மாதிரிகளை மூன்று வருடமாகச் சேகரித்தவர் அவர்தான். ஞாயிற்றுக்கிழமை ஃப்ரீசரும் நின்று, இணைப்பும் அறுந்து, எல்லாம் உருகி ஓடியபோது, அன்று இருந்த ஒரே திரையான முதல் திரை கடைசியாக வந்த எண்ணையே காட்டிக்கொண்டிருந்தது; யாருக்கும் தெரியவில்லை. ஃபயாஸ் ஒயரைப் பிடுங்குகிறான். சாம்பல் திரையில் எண்கள் மறைந்து, கட்டங்கள் எல்லாம் சட்டென்று வெளுத்துப்போகின்றன. பக்கத்தில் மைனஸ் எண்பது பச்சையாகவே நிற்கிறது. ஜன்னல் வெயில் அதன்மேல் மெல்ல ஏறுகிறது. தாளில் சாம்பல் திரையின் பெயருக்கு நேரே அவன் டிக் போடுகிறான். “சேச்சி... நீங்க ஓகே தானே?” பழுது பார்த்து வந்த காலி ஃப்ரீசரின் கதவைத் துடைத்தபடி, “ஓகே தம்பி,” என்கிறார் பாண்டிச்செல்வி. ஞாயிற்றுக்கிழமையிலிருந்து யார் கேட்டாலும், இதே குரலில், இதையேதான் சொல்கிறார்.