வேலிச்செடியில் ஒரு பிரசவம்

"ஷ்ஷ்... கத்தாதே! இன்னிக்குத்தான் நாலு குஞ்சும் பொரிச்சிருக்கு" என்று உதட்டில் விரல் வைத்தார் கணவர். தோட்டத்து நாற்காலியில் சாய்ந்திருந்தார். கழுத்தில் பைனாகுலர், மடியில் நோட்டு, கையெட்டும் தூரத்தில் இரண்டாவது காபி.

வேலிச்செடி வளர்ந்து சமையலறை ஜன்னலையே மூடிவிட்டது. பட்டப்பகலில் விளக்கைப் போட்டுக் காய் நறுக்குகிற மனைவிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஞாயித்துக்கிழமை எங்க அக்கா வர்றா. இந்தக் காட்டைப் பார்த்தா என் மானத்தை வாங்கிடுவா. ஒரு குருவிக்காக மூணு வாரமா செடி வெட்டுற கத்தரியைத் தொடாம இருக்கீங்களே!"

"குருவி இல்லை, தையல்சிட்டு" என்று திருத்தினார். அச்சகத்தில் முப்பது வருடம் பிழை திருத்தியவர். யார் எதைத் தப்பாகச் சொன்னாலும் திருத்தாவிட்டால் அன்றைக்கு அவருக்குத் தூக்கம் வராது.

"சரி, நானும் ஒரு தடவை எட்டிப் பார்த்துக்கறேனே?"

"ஐயையோ! ஆள் கிட்ட போனா தாய்ப்பறவை கூட்டையே விட்டுட்டுப் போயிடும். பாவம்டி!"

மனைவி பெருமூச்சு விட்டுக் கத்தரியை ஆணியில் மாட்டினாள். தாயும் சேயுமாக இருக்கிற இடத்தில் கை வைக்க அவளுக்கு மட்டும் மனசு வருமா? பக்கத்து வீட்டுப் பூனை அந்தச் செடியடியிலேயே நாள் முழுக்கச் சுகமாகத் தூங்கிக்கொண்டிருந்தது.

சனிக்கிழமை காலை அவள் மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

"ஏங்க, பறந்துடுச்சு! நாலு குஞ்சும் பறந்துடுச்சு! என் ரெண்டு கண்ணால பார்த்தேன்!"

அவர் காபி குடிப்பதை நிறுத்தினார். "அஞ்சு நாள்ல எப்படிப் பறக்கும்? ரெண்டு வாரமாவது ஆகணும்."

"நம்ம வீட்டுக் குஞ்சுங்க கெட்டிக்காரக் குஞ்சுங்க" என்று கத்தரியை அவர் கையில் திணித்தாள். "கடைசிக் குஞ்சு கொஞ்சம் பயந்துச்சு. அம்மாக்காரி பின்னாடியிலேருந்து ஒரு தள்ளு தள்ளினா பாருங்க, அடடா!"

"தள்ளாது. தூரத்துல நின்னு கூப்பிடும்" என்று பல்லைக் கடித்தார். பேசாமல் இருந்துவிட வேண்டும் என்றுதான் நினைத்தார்.

"அப்புறம் ஸ்டூலைப் போட்டு ஏறி, காலிக் கூட்டைக்கூட எட்டிப் பார்த்துட்டேன். அழகா மூணு இலையைச் சேர்த்துத் தைச்சிருக்கு."

அவருக்கு நெற்றி வியர்த்தது, வாய் துடித்தது. முப்பது வருடப் பழக்கம், அடக்கினால் அடங்குமா?

"சுத்தத் தப்பு! அந்தச் செடியில கூடே கிடையாதுடி!"