ஒரே பாகத்தில் முடிகிற கதை

தன் அறுவை சிகிச்சைக்கு இரண்டு நாள் முன்பு தவமணி நூலகத்துக்குப் போனாள்.

"நம்ம ரெண்டு பேருக்கும் பிடிச்ச எழுத்தாளரோடது எல்லாம் படிச்சாச்சுடீ. அதே மாதிரி புராணமும் மாயமுமா ஒரு நாவல் குடு. ஒரே பாகத்துல முடிஞ்சிடணும். பாதிக் கதையோட நான் போகமாட்டேன்," என்றாள், நூலகரான தோழி ஷகிலாவிடம்.

ஷகிலா அலமாரிகளுக்குப் பின்னால் வெகுநேரம் துழாவி ஒன்றை நீட்டினாள்.

சிகிச்சை நாளன்று காலை, நாகராணி கடலடிக் கதவைத் தட்டுகிற இடத்தில் பக்கங்கள் தீர்ந்துபோயின. தவமணி தொலைபேசியில் சீறினாள்.

"கதவைத் திறந்தது யாருன்னாவது சொல்லித் தொலை."

"ரெண்டாம் பாகம் என் மேசையிலதான் இருக்கு. வந்து கையெழுத்துப் போட்டு எடுத்துக்கோ." ஷகிலா சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

ஸ்ட்ரெச்சர் வந்து நின்றது. தவமணி புத்தகத்தின் முதுகைத் தடவினாள். பாக எண் இருந்த இடத்தில் நகத்தால் சுரண்டிய புதுத் தடம். அதிலேயே விரலை வைத்துக்கொண்டு படுத்தாள்.