கம்ப்யூட்டருக்குள் இசக்கிமுத்து

"ஏலே இசக்கி! உள்ளே தூங்குதியா?"

நான் தட்டிய தட்டில் கம்ப்யூட்டரே ஆடியது. ஆடாமல் என்ன செய்யும்? ஒட்டுப்பலகை, வெள்ளிப் பெயின்ட், நூறு பல்பு. அவ்வளவுதான் அது.

பம்பாய் செம்பூர் ஸ்டுடியோவில் ஷூட்டிங். ஆபீஸுக்குக் கம்ப்யூட்டர் வந்து குமாஸ்தாக்கள் படும் பாட்டைச் சொல்லும் இந்தி காமெடிப் படம். அறுபத்தேழில் நிஜ மெஷினை எங்கள் யூனிட்டில் எவன் பார்த்திருக்கிறான்! தாராவி இசக்கிமுத்து பெட்டிக்குள் குந்தியிருந்து சுவிட்சைத் தட்டுவான். வசனம் முடியும்வரை விளக்குகள் நிற்காமல் மின்ன வேண்டும்.

பின்பக்கக் கதவைத் திறந்துகொண்டு வேர்த்து விறுவிறுக்க வெளியே வந்தான்.

"கை தவறிட்டு அண்ணாச்சி."

"மூணு நாளா இதே பாட்டு! நீ விளக்க அணைக்க, டைரக்டர் 'கட்'டுங்க, பிலிம் பூரா பாழு. புரொடக்‌ஷன் மேனேஜர்னு என் தலைதான்லா உருளுது!"

அவன் கண் செட்டுப் பக்கமே போனது. எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

செட்டில் பெரிய குமாஸ்தா வேஷத்தில் பிரம்மநாயகம் உட்கார்ந்திருந்தார். பழைய நாடக நடிகர். பக்கவாதத்தில் ஒரு வருஷம் படுத்து எழுந்தவர். முதல் நாள் இரண்டு தடவை வசனம் மறந்து நின்றுவிட்டார். "இன்னொரு தடவை மறந்தால் ஆளை மாற்றிவிடுவேன்" என்று டைரக்டர் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். இந்த வேஷமும் போனால் இனி அவரை எவனும் கூப்பிட மாட்டான்.

பாவம், அதற்கப்புறம் மனுஷர் மறக்கவே இல்லை.

"அவரப் பாருலே! அந்த உடம்ப வச்சிக்கிட்டு எவ்வளவு கவனமா நடிக்காரு. உனக்கு ஒரு சுவிட்ச் தட்ட வலிக்காக்கும்? கெளம்பு!"

"இந்த ஒரு சீன் மட்டும் இருந்துக்கிடுதேன் அண்ணாச்சி..."

"போலே!"

பிரம்மநாயகத்தையே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனான்.

எலெக்ட்ரீஷியன் மன்சூர் அலியைப் பெட்டிக்குள் அனுப்பினேன்.

"ஆக்‌ஷன்!"

விளக்குகள் ஜோராக மின்னின. பிரம்மநாயகம் மெஷினுக்கு ஒரு சலாம் வைத்தார். முதல் வரி சொன்னார். இரண்டாவது வரியும் சொன்னார்.

அப்படியே நின்றார்.

உதடு துடித்தது. கண் அந்த விளக்குகளைப் பார்த்துக் கெஞ்சியது. விளக்குகள் ஒரு குறையும் இல்லாமல் எரிந்துகொண்டிருந்தன.

இசக்கியின் கை ஒரு தடவைகூடத் தவறவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

டைரக்டர் நாற்காலியை விட்டு எழுந்தார்.

காலடியில் ஓடிய மெயின் ஒயரை உருவினேன். செட் மொத்தமும் இருண்டது.

"கால் தடுக்கிருச்சு ஸாப்!" என்று கத்திக்கொண்டே, இசக்கியைப் பிடிக்க வாசலுக்கு ஓடினேன்.