வலது ஓரத்து பெஞ்சு

போதகர் ஒரு வரியை வாசித்தார். சபை பதில் சொன்னது. அவருடைய மனைவியின் உதடுகள் அசையவில்லை.

அவை அசைகின்றனவா என்று பார்ப்பதற்காகத்தான் அவர் கண்ணாடியை நன்றாகத் துடைத்து மாட்டிக்கொண்டு பீடத்தில் ஏறியிருந்தார்.

காய்ச்சலில் போன மகளை அடக்கம் செய்த பிறகு வந்த முதல் நன்றி ஆராதனை அது. மிகப் பழைய சங்கீதம் ஒன்றை எடுத்திருந்தார். வானத்துக்கு நன்றி, கடலுக்கு நன்றி, வனாந்தரத்தில் வழி கிடைத்ததற்கு நன்றி என்று ஒருவர் வாசித்துக்கொண்டே போக வேண்டும். ஒவ்வொரு வரிக்கும் மற்றவர்கள், ஆண்டவருடைய அன்புக்கு முடிவில்லை என்று ஒரே பதிலைச் சொல்ல வேண்டும்.

வாரம் முழுக்க அந்தச் சங்கீதத்தோடு மல்லுக்கட்டினார். சாப்பாட்டு மேசை முழுக்க விளக்கவுரைகள் பரப்பிக் கிடந்ததால் மனைவி தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டாள்.

வெற்றி பெற்றவர்கள் சந்தோஷத்தில் பாடியது என்று ஓர் அறிஞர் எழுதியிருந்தார். எல்லாவற்றையும் பறிகொடுத்துவிட்டுத் திரும்பி வந்தவர்கள் பாடியது என்று இன்னொருவர். போதகர் இரண்டாமவரைப் பிடித்துக்கொண்டார். எல்லாம் போன பிறகும் சொல்ல ஒரு வரி மிச்சமிருக்கிறது என்று எழுதினார். நன்றாகத்தான் வந்திருந்தது. அப்படி நன்றாக வந்ததே அவருக்கு அருவருப்பாக இருந்தது.

உண்மையில் அது சபைக்கு எழுதிய பிரசங்கமே இல்லை. கல்லறையிலிருந்து திரும்பிய நாள் முதல் மனைவி ஆமென்கூடச் சொல்வதில்லை. இந்தப் பதிலை அவள் ஒரே ஒரு முறை சொல்லிவிட்டால் வீடு மறுபடி வீடாகிவிடும் என்று அவர் நம்பினார்.

ஆராதனைக்கு வருவதை மட்டும் அவள் நிறுத்தவில்லை. வலது ஓரத்தில், சுவரோரமாகப் பக்கவாட்டில் போட்டிருக்கும் பெஞ்சு அவள் பொறுப்பு. காது கேளாதவர்கள் ஏழெட்டுப் பேர் அதில் உட்காருவார்கள். போதகர் பேசப் பேச அவள் அவர்களுக்கு எதிரே நின்று சைகை மொழியில் சொல்வாள். பீடத்திலிருந்து பார்த்தால் அவள் முகத்தில் பாதிதான் தெரியும்.

கஷ்டமாக இருந்தால் இந்த வாரம் விட்டுவிடேன் என்று முந்தின நாள் சொல்லிப் பார்த்தார்.

"உங்க ஆளுங்களுக்கு நீங்க சொல்லுங்க," என்றாள். "என் ஆளுங்களுக்கு நான் சொல்லிக்கிறேன்."

பிரசங்கம் எடுபட்டது. பெண்கள் பக்கம் ஒன்றிரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். சபைச் செயலர், தானே எழுதிக் கொடுத்தது போல் தலையாட்டிக்கொண்டிருந்தார். ஓரத்து பெஞ்சு மட்டும் அசையாமல் இருந்தது. அதன் பிறகுதான் இந்த வாசிப்பு.

அடுத்த வரி. அதற்கடுத்த வரி. மனைவியின் வாய் மூடியே இருந்தது. நெற்றியில் விழுந்த முடியை ஒற்றை விரலால் ஒதுக்கிவிட்டுக்கொண்டாள்.

ஆனால் பெஞ்சு அழ ஆரம்பித்திருந்தது. வெல்டிங் வேலை செய்பவர் முழங்கையில் முகத்தைத் துடைத்தார். இஸ்திரி போடும் பெண் தேம்பினாள்.

போதகருக்கு உள்ளே ஏதோ நிமிர்ந்தது. குரலை ஏற்றினார். வரியின் கடைசியைக் கொஞ்சம் இழுத்தும் விட்டார். காது கேளாதவர்களைத் தன் குரல் அழவைத்துவிட்டதாக நினைக்கும் அளவுக்கு மனிதர் தவித்துப் போயிருந்தார்.

அடுத்த பதிலுக்கும் அவள் முடியை ஒதுக்கினாள். அதற்கடுத்த பதிலுக்கும். பதில் வரும்போது மட்டும்தான் ஒதுக்கினாள். அப்போதுதான் கவனித்தார், முடி எதுவும் விழுந்திருக்கவில்லை. இறுக்கிப் பின்னியிருந்தாள்.

அதற்கடுத்த பதிலுக்குப் பெஞ்சு மொத்தமும் நெற்றியில் விரல் வைத்து ஒதுக்கியது. ஓரத்தில் இருந்த தையல்காரரும்தான். அவருக்கு முழு வழுக்கை.

போதகருக்கு வரி தவறியது.

அந்த பெஞ்சில் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஒவ்வொருவருக்கும் ஒரு சைகைதான் பெயர், அதைப் பெஞ்சே பார்த்து வைக்கும். தையல்காரருக்கு ஊசியில் நூல் கோர்ப்பது. போதகருக்கும் ஒன்று உண்டு, அது என்னவென்று யாரும் அவரிடம் சொன்னதில்லை. கண்ணில் விழும் முடியை ஓயாமல் ஒதுக்கிக்கொண்டே இருந்த ஒரு சின்னப் பெண்ணுக்கு இது.

அவள் அந்த பெஞ்சில்தான் வளர்ந்தாள். பிறவியிலேயே காது கேளாதவள். அவளுக்காகத்தான் அம்மா அந்த மொழியைக் கற்றுக்கொண்டாள். சங்கீதங்களுக்காக இரண்டு பழைய மொழிகளைக் கரைத்துக் குடித்த அப்பா, இதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டார். மகளைச் சாப்பிடக் கூப்பிட இந்த ஒரு சைகை அவருக்குப் போதுமானதாக இருந்தது.

சபை காத்திருந்தது. செயலர் ஒரு முறை இருமினார்.

போதகர் விட்ட இடத்தைக் கண்டுபிடித்து வாசித்தார். சபை ஆண்டவரின் அன்பைச் சொன்னது. பெஞ்சு அவர் மகளைச் சொன்னது.

கடைசி வரியும் முடிந்தது. ஆமென் சொல்லிவிட்டுச் சபையார் புத்தகங்களை மூடினார்கள். பீடத்துக்குக் கீழே காணிக்கைப் பையோடு ஒருவர் எழுந்து நின்றார். ஓரத்தில் மனைவி கைகளை இறக்கப் போனாள்.

போதகர் பக்கத்தைப் பின்னால் திருப்பி, முதல் வரியிலிருந்து மறுபடி வாசிக்கத் தொடங்கினார்.